பாலீஷா, பிளாஸ்டிங்கா, சோப்புத் தண்ணீரா: பழைய புல்லட் இன்ஜினின் அலுமினியத்துக்கு எது பொருந்தும்?

அலுமினியப் பாத்திரத்தில் நாள்தோறும் வெந்நீர் வைத்தால் உட்புறம் கறுத்துப்போகும். அதே பாத்திரத்தில் ஒருநாள் புளி கரைத்துக் கொதிக்கவிட்டால் கறுப்பு போய் வெளுத்து நிற்கும். போன கறுப்பு எங்கே போயிற்று என்று கேட்டால், குழம்புக்குள்தான். புளிக்குழம்புக்கு மண்சட்டியே நல்லது என்று எங்கள் வீட்டில் சொல்வதற்கு இதுதான் காரணம். அலுமினியத்தின் குணம் முழுவதும் இந்த ஒரு பாத்திரத்தில் அடங்கியிருக்கிறது. காரமும் அதைத் தின்னும், அமிலமும் தின்னும். மேலே இருக்கும் படலத்தை எடுப்பதும் உலோகத்தையே எடுப்பதும் ஒரே வேலையின் இரண்டு கட்டங்கள். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவருக்குத்தான் துலக்கும் வேலை கைவரும்.

பழைய வண்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு நான்கு பேரிடம் யோசனை கேட்டால் நான்கு வழி கிடைக்கும். பஃபிங் போடு, அதாவது சுழலும் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கு என்பார் ஒருவர். மணலையோ மணிகளையோ காற்றழுத்தத்தில் வீசி அழுக்கை எடுக்கும் பிளாஸ்டிங்தான் சுத்தம் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் அமிலப் புட்டியைக் காட்டுவார். நான்காமவர் மொத்தமாக வெள்ளி நிறப் பெயின்ட் அடித்துவிடச் சொல்வார். இவற்றில் எது சிறந்தது என்ற கேள்வியே பிசகு என்பது என் கட்சி. ஒரே இன்ஜினில் மூன்று விதமான பரப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. வழியை முதலில் முடிவு செய்துவிட்டுப் பாகங்களைத் தேடிப் போனால் ஏதாவது ஒன்று கெடும். எனக்குக் கெட்டது.

நான் சொல்லப்போவது 1980களில் வந்த புல்லட் 350 ஒன்றின் இன்ஜினைப் பற்றி. வண்டி என் மாமாவுடையது. ஒன்பது ஆண்டுகள் திருவான்மியூரில், கடலுக்கு நடந்துபோகும் தூரத்தில், வீட்டு முகப்பில் நின்றது. 1955 முதல் மெட்ராஸில் உருவான வண்டி, அதே ஊரின் உப்புக்காற்றிலேயே வெந்துபோய் நின்றது என்று சொல்லலாம். பழைய புல்லட்டைப் பட்டறைகளில் 'காஸ்ட் அயர்ன் இன்ஜின்' என்பார்கள். உண்மையில் வார்ப்பிரும்பு என்பது பிஸ்டன் ஓடும் பிளாக் மட்டும். பிளாக்கின் தலையில் உட்காரும் ஹெட், அடியில் இன்ஜினின் உடலாக இருக்கும் கிராங்க்கேஸ், வலது பக்கத்து டைமிங் கவர், இடது பக்கத்து பிரைமரி கவர், கியர்பாக்ஸ் கவர், ராக்கர் கவர்கள் எல்லாமே அலுமினியக் கலவைதான். இவற்றில் கவர்கள் தொழிற்சாலையிலிருந்தே பளபளப்பாக வந்தவை. ஹெட்டும் கிராங்க்கேஸும் வார்த்தெடுத்த சொரசொரப்போடு, மங்கலான சாம்பல் நிறத்தில் வந்தவை. இந்த வேறுபாட்டை மறக்காமல் இருந்தால் பாதி முடிவு தானாகவே எடுக்கப்பட்டுவிடும்.

முதலில் அழுக்கு எது என்று பார்க்க வேண்டும்

எல்லாக் கறையும் ஒரே கறை அல்ல. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து சூட்டில் வெந்து பழுப்பு நிறத் தோலாக இறுகியிருக்கும். அது உலோகத்தின்மேல் உட்கார்ந்திருப்பது, கழுவினால் போகும். இரண்டாவது, வெள்ளையாகப் பூத்திருப்பது. ஈரச் சுவரில் உப்புப் பூப்பதுபோல அலுமினியமும் பூக்கும். இது உலோகமே மாறிப் போனது, கழுவினால் போகாது. மூன்றாவது குழி. கடற்காற்றின் உப்பு, அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலத்தை ஊசிமுனையாகத் துளைத்து உள்ளே இறங்கும். மேலே வெள்ளைப் புள்ளி, அதன் அடியில் கறுத்த பள்ளம். நான்காவது அழுக்கே அல்ல. பளபளப்பைக் காக்க யாரோ எப்போதோ அடித்த நிறமற்ற வார்னிஷ் மஞ்சளித்து, அதன் அடியில் புழு ஊர்ந்ததுபோல வெள்ளைக் கோடுகள் ஓடியிருக்கும். ஜப்பானிய வண்டிகளின் பழைய கவர்களில் இதை அதிகம் பார்க்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய நகம் போதும். தின்னரில் நனைத்த துணியால் ஓர் இடத்தைத் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மேல்கறை. நகம் தட்டி நின்றால் குழி. துணியில் மஞ்சளாகப் பிசுபிசுத்தால் வார்னிஷ். என் பிரைமரி கவரின் கீழ் விளிம்பில் நகம் ஒரு விரல் நீளத்துக்குத் தட்டிக்கொண்டே போனது. ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற வண்டியில் மழைத்தண்ணீர் தேங்கிய பக்கம் அது.

குழியைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எந்தத் திரவமும், எந்தப் பாலீஷும் குழியை நிரப்பாது. குழியை மறைக்க ஒரே வழி, அதைச் சுற்றியுள்ள நல்ல உலோகத்தைக் குழியின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குவது. கால் மில்லிமீட்டர் ஆழத்துக்கு அது ஏற்கத்தக்கது. அதற்கு மேல் போனால் கவரின் உருவமே மாறத் தொடங்கும்.

கழுவுதல்

மண்ணெண்ணெயும் பழைய பெயின்ட் பிரஷும் ஒரு மர ஆப்பும்தான் தொடக்கம். ஆப்பு ஏன் மரமாக இருக்க வேண்டும் என்றால், ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிய கோடுகளைப் பிறகு நீங்கள்தான் ஒரு மணி நேரம் தேய்த்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊறியபின் சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும். என் கிராங்க்கேஸில் பாதி அழுக்கு இதிலேயே போய்விட்டது. புல்லட்டுக்கு எண்ணெய்த் தொட்டி கிராங்க்கேஸுக்குள்ளேயே இருக்கிறது என்பதால் அதன் அடியில் நாற்பது ஆண்டுக் கசடு களிமண்போலப் படிந்திருந்தது. அதை வழித்தெடுக்கவே ஒரு மாலைப்பொழுது போயிற்று.

அடுத்து யாராவது காஸ்டிக் சோடா என்பார்கள். இரும்புப் பாகங்களுக்குப் பட்டறையில் காலங்காலமாக அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், இரும்புக்கு அது நல்லதுதான். அலுமினியத்தை அதில் போட்டால் நுரைத்துக் கொதிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பாகம் கரையும். மேலும் இன்ஜின் வார்ப்புகளில் அலுமினியத்தோடு சிலிக்கான் நிறையக் கலந்திருக்கிறது. காரம் அலுமினியத்தை மட்டும் தின்றுவிட்டுச் சிலிக்கானைத் தூளாக விட்டுவைக்கும். வெளுக்கப் போட்ட பாகம் கரிச்சட்டியாகத் திரும்பி வருவது இதனால்தான். சாக்கடை அடைப்பு நீக்கும் தூள், அடுப்பு துலக்கும் ஸ்பிரே ஆகியவற்றிலும் இதே காரம் இருப்பது வழக்கம் என்பதால், அட்டையில் படம் அழகாக இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

அமிலங்களில் இரண்டு வகை. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துலக்கித் திரவம் மென்மையானது. வெள்ளைப் பூப்பை ஓரளவு எடுக்கும். தடவி, பிரஷால் தேய்த்து, ஓரிரு நிமிடங்களில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். பளபளப்பான பரப்பில் பட்டால் மங்கலாக்கும், எனவே கவர்களுக்கு ஆகாது, ஹெட்டுக்கு ஆகும். இன்னொரு வகை, லாரிகளின் அலுமினிய உடலைக் கழுவ விற்பது. தெளித்த மாத்திரத்தில் வெளுக்கும். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ பைஃபுளோரைடு உப்போ இருக்கலாம். இது தோலில் பட்டவுடன் எரியாமலும் இருக்கும். உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தோடு சேர்ந்து, மணிக்கணக்கில் கழித்து எலும்பு வரை வலிக்க வைக்கும். புட்டியில் இந்தப் பெயர்கள் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு வண்டிக் கவருக்கு விரலைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

புளி, எலுமிச்சை, சாம்பல் என்று வீட்டுச் சாமான்களைக் கேட்பவர்களுக்கு: புளி கெடுதல் செய்யாது, ஆனால் பித்தளைக்குச் செய்யும் மாயத்தை அலுமினியத்துக்குச் செய்யாது. சாம்பல் காரம், அதை விட்டுவிடலாம்.

கையா, சக்கரமா

பளபளப்பாகப் பிறந்த கவர்களை மீண்டும் பளபளப்பாக்க இரண்டு வழிகள். கையால் தேய்ப்பது, அல்லது பஃபிங் சக்கரத்தில் கொடுப்பது. இங்கேதான் நான் சறுக்கினேன்.

டைமிங் கவரை எடுத்துக்கொண்டு எவர்சில்வர்ப் பாத்திரங்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் பாலீஷ் போடும் ஒரு கடைக்குப் போனேன். “முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் சார்” என்றார் கடைக்காரர். சொன்னதைச் செய்தார், அதில் குறையில்லை. இருபது நிமிடத்தில் கண்ணாடி வந்தது. வீட்டுக்கு வந்து வெயிலில் சாய்த்துப் பார்த்தபோதுதான் மற்றவை தெரிந்தன. கூராக இருந்த விளிம்புகள் சோப்புக்கட்டிபோல மழுங்கியிருந்தன. ஸ்க்ரூ துளைகளின் வாய் ஒரு பக்கமாக இழுபட்டு, கண்ணீர்த் துளியின் வடிவத்துக்கு வந்திருந்தது. கவரின் நடுவே மெல்லிய அலை. சூரியனைப் பிரதிபலித்தால் பழைய குளத்துத் தண்ணீர்போல நெளிந்தது.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. புல்லட்டின் டைமிங் கவர் வெறும் மூடி கிடையாது. எண்ணெய் பம்புகளும் வடிகட்டியும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன, அங்கிருந்துதான் கிராங்குக்கு எண்ணெய் போகிறது. சக்கரத்தில் தேய்க்கும் மெழுகுக் கட்டியும் உலோகத்தூளும் சூட்டில் உருகி அந்தத் துளைகளுக்குள் புகுந்து, ஆறியதும் கறுப்பு மெழுகாக இறுகிவிட்டிருந்தன. சைக்கிள் கம்பியை வளைத்து, மண்ணெண்ணெய் விட்டு, கம்ப்ரஸர் காற்றடித்து மூன்று முறை எடுத்தேன். மூன்றாம் முறையும் கறுப்பாக வந்தது. நான்காம் முறை சூடான சோப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்த பிறகே சுத்தமானது. அதை அப்படியே பூட்டியிருந்தால் அந்த மெழுகும் தூளும் நேராக, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் புஷ்ஷுக்குத்தான் போயிருக்கும்.

தவறு கடைக்காரருடையது மட்டும் என்று சொல்லமாட்டேன். பாத்திரத்துக்குச் செய்யும் வேலையை இன்ஜினுக்குக் கேட்டவன் நான். துளைகளை அடைக்காமல் கொடுத்தவனும் நான்.

மிச்சக் கவர்களைக் கையால் செய்தேன். முறை எளிது, பொறுமை மட்டும் அதிகம் வேண்டும். வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு சிறு ரப்பர்க் கட்டையில் சுற்றிக்கொண்டு, 320இல் தொடங்கி 400, 600, 800, 1000 என்று ஏற வேண்டும். எண் ஏற ஏறத் தாள் நைசாகும். ஆழமான கீறல் இருந்தால் 220. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்ற வேண்டும். முந்தைய தாள் நெடுக்கே போனால் இது குறுக்கே. முந்தைய கோடுகள் முழுதாக மறைந்தால்தான் அடுத்த தாளுக்குப் போகலாம். அவசரப்பட்டு 320இன் கோடு ஒன்றை விட்டுவிட்டு 1000 வரை போனால், அந்த ஒரு கோடு பளபளப்பில் தெளிவாகத் தெரியும். திரும்ப 320க்கு வர வேண்டியதுதான். நான் இரண்டு முறை வந்தேன்.

தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் சாம்பலாகி, பிறகு மை போலக் கறுக்கும். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு மூன்று நாள் போகாது. 600ஐத் தாண்டும்போது உலோகம் ஒரு மங்கிய பால்நிறத்துக்கு வரும். கறுப்பு, மஞ்சள் எல்லாம் போய், அடியில் இருந்த அலுமினியம் முதல்முறையாகத் தலைகாட்டும் இடம் அது. எனக்கு இந்த வேலையில் பிடித்த நேரமும் அதுதான். சிலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அதுவும் அழகுதான்.

கடைசியில் சக்கரம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் தேய்த்து இறக்கும் வேலையைச் சக்கரத்திடம் கொடுக்காமல், துலக்கும் வேலையை மட்டும் கொடுத்தால் விளிம்புகள் தப்பிக்கும். கற்றாழை நார்ச் சக்கரம் உலோகத்தை வெட்டும், அதைத் தவிர்த்துவிட்டு மென்மையான துணிச் சக்கரத்தில் வெள்ளை மெழுகுக் கட்டியோடு ஓரிரு நிமிடங்கள் காட்டினால் போதும். சக்கரத்தின் மையத்துக்குக் கீழே, அது உங்களைவிட்டு விலகிச் சுழலும் பகுதியில் பாகத்தைக் காட்ட வேண்டும். மேல் பகுதியில் காட்டினால் விளிம்பைக் கவ்வி உங்கள் முழங்காலை நோக்கி எறியும். கையுறை போட்டுக்கொண்டு சக்கரத்தருகே போவதும் ஆபத்து, துணி சிக்கினால் விரலும் கூடவே போகும்.

அலுமினியத் தூள் எரியக்கூடியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2014 ஆகஸ்ட்டில் சீனாவின் குன்ஷான் நகரில், கார் சக்கரங்களுக்குப் பாலீஷ் போடும் தொழிற்சாலை ஒன்றில் காற்றில் மிதந்த அலுமினியத் தூள் வெடித்து அன்றைக்கே எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டு வராந்தாவில் ஒரு கவரைத் தேய்ப்பவருக்கு அவ்வளவு தூள் சேராது. ஆனால் இரும்பை கிரைண்டரில் தேய்க்கும் அதே மேசையில் அலுமினியத் தூளைக் குவிய விடாதீர்கள். ஈரத் தாளில் தேய்ப்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஒரு கவருக்கு எனக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. கடையில் இருபது நிமிடம். ஒப்பீடு என்று பார்த்தால் கடை ஜெயிக்கிறது, விளிம்புகளைப் பார்க்காதவரை. பாலீஷ் கடையே வேண்டும் என்றால், வாகனப் பாகம் செய்து பழகிய ஆளைத் தேடுங்கள். அவர் ஏற்கெனவே செய்த கவர் ஒன்றின் ஸ்க்ரூ துளைகளைக் காட்டச் சொல்லுங்கள். பளபளப்பை எல்லாரும் காட்டுவார்கள், துளையில்தான் கைத்திறன் தெரியும்.

மணி வீசும் வழிகள்

வார்ப்புச் சொரசொரப்போடு பிறந்த ஹெட்டுக்கும் கிராங்க்கேஸுக்கும் தாளும் சக்கரமும் உதவாது. ஹெட்டின் செதில்களுக்கு இடையே விரலே நுழையாது. இங்கே எதையாவது காற்றழுத்தத்தில் வீசித்தான் ஆக வேண்டும். எதை வீசுவது என்பதுதான் தேர்வு.

மணலை முதலில் ஒதுக்கிவிடுவோம். கேட், சேஸிஸ் ஆகியவற்றின் துருவை எடுக்கும் பிளாஸ்டிங் பட்டறையில் அலுமினிய ஹெட்டைக் கொடுத்தால் நிலவின் பரப்புபோலத் திருப்பித் தருவார்கள். சிலிக்கா மணலின் தூசி நுரையீரலைக் கெடுப்பது தனிக் கதை.

கண்ணாடி மணிகளை உலர்வாக வீசுவது அடுத்தது. பார்வைக்கு மணல்போல இருந்தாலும் உருண்டையானவை, எனவே வெட்டாமல் தட்டும். சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அழுத்தத்தைத் தாண்டாமல் செய்தால் சீரான, மங்கிய வெண்மை வரும். எங்கும் கிடைக்கும், செலவும் குறைவு. ஆனால் அதில் எனக்கு இரண்டு குறைகள். ஒன்று, பரப்பு திறந்துகிடக்கும். பூட்டும்போதே எண்ணெய் விரல் பட்டால் கைரேகை பதிந்துபோகும், அப்புறம் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. இன்னொன்று, உடைந்த மணிகள். அவை எண்ணெய்த் துளைகளிலும் மரைகளிலும் ஒளிந்துகொள்ளும், மென்மையான உலோகத்தில் பதிந்தும்விடும். இன்ஜின் சூடாகி எண்ணெய் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக வெளியே வரும். எண்ணெய்த் தொட்டியையே வயிற்றில் வைத்திருக்கும் புல்லட் கிராங்க்கேஸை உலர் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

சமையல் சோடாவை வீசும் முறையும் இருக்கிறது. 1986இல் நூற்றாண்டைக் கொண்டாடிய நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் உட்புறத்தில், செப்புத் தகட்டைக் கீறாமல் பழைய தார்ப் பூச்சை எடுத்தது இந்தச் சோடாதான். தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் துளைகளில் தங்கிவிடும் பயம் இல்லை. எண்ணெய்க்கறை, பெயின்ட் போகும். வெள்ளைப் பூப்பு போகாது. என் இன்ஜினின் நோய்க்கு அது மருந்தாகாது.

மிச்சம் இருப்பது வேப்பர் பிளாஸ்டிங். பெயரில் நீராவி இருந்தாலும் ஆவி எதுவும் இல்லை. தண்ணீரும் கண்ணாடி மணியும் கலந்த குழம்பைப் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், நுனியில் காற்று அதை வீசும். மணிக்கும் உலோகத்துக்கும் நடுவே தண்ணீர் மெத்தைபோல நிற்பதால் அடி மென்மையாக விழுகிறது, அழுக்கு உடனுக்குடன் அடித்துச் செல்லப்படுகிறது, தூசி கிளம்புவதில்லை. கிடைக்கும் பரப்பு பட்டுத்துணிபோன்ற மெல்லிய ஒளியோடு இருக்கும். உலர் முறையைப்போலத் திறந்துகிடக்காமல் தட்டி மூடியதுபோல இருப்பதால் கறையும் எளிதில் ஒட்டாது. வார்ப்பிலிருந்து அன்று வந்த பாகம் எப்படி இருந்திருக்குமோ அதற்கு மிக அருகில் வரும் வழி இதுதான். விலை அதிகம், செய்பவர்கள் குறைவு. எனக்கு ஆள் தேடிப் பிடிக்கவே இரண்டு வாரங்கள் ஆயின.

இதிலும் மணி மணிதான், ஈரமாக இருப்பதால் மாயமாகிவிடாது. மரைத் துளைகள் ஒவ்வொன்றிலும் பழைய போல்ட்டைத் திருகி அடைத்தேன். எண்ணெய்த் துளைகளுக்கு ரப்பர் அடைப்பு. பேரிங்குகளையும் வால்வுகளையும் கழற்றிய பிறகே கொடுத்தேன். திரும்பி வந்ததும் எல்லாத் துளைகளிலும் சோப்புத் தண்ணீர், பிரஷ், காற்று. ஒரு வேடிக்கை: ஆர்வக் கோளாறில் வார்ப்பிரும்புப் பிளாக்கையும் அதே கையோடு கொடுத்துவிட்டேன். காலையில் வெள்ளி நிறத்தில் வந்த பிளாக், நான் எண்ணெய் தடவ மறந்ததால், மாலைக் காபிக்குள் காவி கட்டிக்கொண்டது.

மூன்றாவது பரப்பு, இரு பாகங்கள் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் உட்காரும் முகங்கள். அவற்றைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். அவற்றின்மேல் சொரசொரப்பான நார்த் தட்டை டிரில்லில் மாட்டிச் சுழற்றுவது பட்டறைகளில் பரவிவிட்ட பழக்கம். அந்தத் தட்டில் இருப்பதும் அலுமினியம் ஆக்சைடு தூள்தான். உதிர்ந்து எண்ணெயில் கலந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே தன் பட்டறைகளுக்கு இதைச் செய்யாதீர்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பழைய பிளேடும் தின்னரும் அரை மணி நேரமும் போதும்.

துலக்கிய பிறகு

துலக்கியதோடு வேலை முடியாது. அலுமினியம் காற்று பட்ட கணமே தன் படலத்தை மீண்டும் கட்டத் தொடங்கிவிடும், கடற்கரையில் உப்பும் காத்திருக்கிறது. நிறமற்ற வார்னிஷ் அடித்தால் முதல் ஆண்டு அருமையாக இருக்கும். ஆனால் கண்ணாடிபோல் வழவழப்பான பரப்பில் அதற்குப் பிடிமானம் இல்லை. ஒரு கல் பட்டுச் சிறு கீறல் விழுந்தால், அதன் வழியே ஈரம் புகுந்து முன்பு சொன்ன வெள்ளைப் புழுக்கள் ஓடும். அதைச் சரிசெய்ய வார்னிஷ் முழுவதையும் உரிக்க வேண்டும். வெறும் உலோகமாக விட்டால் மங்கும், மங்கினால் பாலீஷ் பசையால் பத்து நிமிடத்தில் மீட்கலாம். வாரம் ஒருமுறை துடைக்கக் கூடியவருக்கு வெறும் உலோகமும் மேலே ஒரு பூச்சு மெழுகும். துடைக்கவே மாட்டேன் என்பவருக்குப் பளபளப்பே வேண்டாம், மங்கிய பரப்பு போதும். தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் சிலரிடம் உண்டு. இரண்டு நாளில் தெருப்புழுதி முழுவதும் அதில் ஒட்டியிருக்கும்.

அனோடைசிங், அதாவது மின்சாரத்தால் ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக்குவது பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: சிலிக்கான் மிகுந்த வார்ப்பில் அது திட்டுத்திட்டாகக் கருஞ்சாம்பல் நிறத்தில்தான் வரும். பவுடர் கோட்டிங் என்பது பெயின்ட் தூளைப் பூசிக் கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் வேகவைப்பது. வார்ப்பின் நுண்துளைகளில் ஊறியிருக்கும் பழைய எண்ணெய் அந்தச் சூட்டில் கசிந்து கொப்புளமாகும். வெள்ளிப் பெயின்ட் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

கடைசியில் நான் செய்தது

ஹெட்டும் கிராங்க்கேஸும் வேப்பர் பிளாஸ்டிங் முடிந்து, எதுவும் பூசப்படாமல் இருக்கின்றன. ஓராண்டில் சற்றே மங்கியிருக்கின்றன, ஆனால் பூக்கவில்லை. பிரைமரி கவர், கியர்பாக்ஸ் கவர், ராக்கர் கவர்கள் எல்லாம் கையால் தேய்த்து, துணிச் சக்கரத்தில் முடித்து, மெழுகு பூசியவை. மழுங்கிய டைமிங் கவரை 800 தாளில் மீண்டும் ஒரே திசையில் தேய்த்துப் பால்நிறத்துக்கு இறக்கிவிட்டேன். அலை தெரியாமல் போனது, விளிம்பு திரும்பவில்லை. கார்புரேட்டரை எந்த வம்புக்கும் இழுக்கவில்லை. அதன் உடல் பெரும்பாலும் துத்தநாகம் கலந்த மென்மையான வார்ப்பு. பெட்ரோல், பல் துலக்கும் பிரஷ், அவ்வளவுதான்.

உங்கள் வண்டி கோயம்புத்தூரிலோ மதுரையிலோ கடற்காற்று படாமல் நின்றிருந்தால் என் வழியில் பாதி தேவைப்படாது. மண்ணெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் முடித்துவிட்டு ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். வெள்ளைப் பூப்பு இல்லாவிட்டால் ஹெட்டை அப்படியே பூட்டிவிடலாம், செலவை டயருக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிரைமரி கவரின் கீழ் விளிம்பில் அந்த விரல் நீளக் குழி வரிசை இன்னும் இருக்கிறது. 320 தாளில் ஒரு மணி நேரம் தேய்த்த பிறகும் நகம் தட்டியது. இன்னும் இறக்கினால் கவரின் உதடு மெலிந்து எண்ணெய் கசியும். புல்லட்டின் பிரைமரி கவரை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த உதடு சீராக இருந்தால்தான் எண்ணெய் உள்ளே நிற்கும். தாளைக் கீழே வைத்துவிட்டேன். மாமா வந்து பார்த்தவர் அந்தப் புள்ளிகளைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்.